துரைகளுக்கெல்லாம் துரையின் பங்களா

ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் கோழி மொத்த வியாபாரம் செய்யும் சீனத் தவுக்கேயின் குளிர்கிடங்குக்குள் இரண்டு கிழவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இரு பக்கமும் உறைந்த கோழிகள் தலையில்லாமல் அடுக்கிக் கிடந்தன. கிழவர்களுக்குத் தலை இருந்தது, அதன்மேல் கம்பளிக் குல்லாயும் இருந்தது. தலைக்குள்ளே ஏதாவது இருந்ததா என்பதுதான் வெளியே காத்திருந்த அந்தத் தவுக்கே முதலாளியின் சந்தேகம்.

“எப்படிடா இருக்கு உடையா?” என்றார் ஷரபுதீன்.

“காது ரெண்டும் இருக்கா போச்சான்னு தெரியல. நீ பாத்துச் சொல்லு” என்றார் உடையப்பன்.

“இதுக்கே இப்படின்னா திபெத்ல என்ன செய்வ? இன்னும் கொஞ்ச நேரம் நில்லுலா.”

நின்றார்கள். ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தும் ஷரபுதீனும், சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டி ஓய்ந்த உடையப்பனும் வாழ்க்கையில் முதல்முறையாகத் திபெத்துக்குப் போகப்போகிறார்கள். பிறந்ததிலிருந்து வேர்த்துக்கொண்டே இருந்த உடம்புகள் அவை. கேமரன் மலைத் தூறலையும் பேங்க் ஏர்கோனையும் தவிர வேறு குளிர் தெரியாது. ஆகவே திபெத் என்றால் குளிர்தான், குளிரை ஜெயித்தால் எல்லாம் முடிந்தது என்று இருவரும் சேர்ந்து முடிவு கட்டியிருந்தார்கள். சேர்ந்தே தப்பு செய்வது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம்.

குளிர் உடைக்காக ஈப்போவில் ஒரு பண்டல் கடையைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பழைய துணிகள் மூட்டையாக வந்து இறங்கும் கடை அது. அந்தக் குவியலில் உருப்படியாக ஒரே ஒரு நீல ஜாக்கெட்தான் கிடைத்தது, நல்ல தடிமன், உள்ளே பஞ்சு. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். “எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. நெஞ்சுல குளிர் படக்கூடாது” என்று சொல்லி ஷரபுதீன் ஜெயித்துவிட்டார். அந்த ஸ்டென்ட்டைச் சொல்லியே அவர் காரில் முன் சீட், கறிக்குழம்பில் கடைசித் துண்டு எல்லாவற்றையும் வாங்கிவிடுவார். உடையப்பனுக்குக் கிடைத்தது ஜிப் போகாத ஒரு சாம்பல் நிறக் கோட்டு.

இந்த ஆசை முளைத்தது சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். ஷரபுதீனின் அத்தா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். உடையப்பனின் அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். பிஸ்கட் டின் கொண்டுவரும் சீன வியாபாரி ஒரு வருஷம் கடைக்கு ஒரு காலண்டர் கொடுத்தார். அதில் ஒரு மொட்டை மலை, உச்சியில் வெள்ளையும் சிவப்புமாக எண்ணி மாளாத ஜன்னல்களோடு ஒரு கட்டடம், பின்னால் பனி. வருஷம் முடிந்து தாள்களெல்லாம் கிழிந்த பிறகும் படம் மட்டும் அரிசி மூட்டைக்கு மேலே தொங்கியது. கீழே சீனத்தில் எழுதியிருந்ததைப் படிக்க யாருக்கும் தெரியாது. பையன்கள் இருவருக்கும் அது தேவையும் இல்லை. குன்றின் உச்சியில் பங்களா இருந்தால் அதில் துரை இருப்பார், தோட்டத்தில் அதுதானே கணக்கு. இவ்வளவு பெரிய மலையில் இவ்வளவு பெரிய பங்களா என்றால் அது துரைகளுக்கெல்லாம் துரையின் பங்களாவாகத்தான் இருக்கவேண்டும்.

அவர்களுடைய தோட்டத்துத் துரைக்கும் குன்றின் மேல் பங்களா இருந்தது. லயத்து வீடுகளில் இருந்த கூலியாட்களுக்குக் கேட் வரைதான் அனுமதி. கடைக்காரர் மகன் என்பதால் ரொட்டியும் வெண்ணெய் டின்னும் கொண்டுபோய்க் கொடுக்க ஷரபுதீன் மேலே போவான். கூடையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு உடையப்பனும் கேட் வரை வருவான். அங்கே தூணடியில் நின்றுவிடுவான். போனவன் மூச்சிரைக்க ஓடி வந்து, பியானோவைப் பற்றியும், தரையில் விரித்த புலித்தோலைப் பற்றியும், நாற்காலியில் மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கும் நாயைப் பற்றியும் கடை வரும்வரை சொல்லிக்கொண்டே வருவான். உடையப்பனுக்கு அந்த வீடு மனப்பாடம். பார்த்ததுதான் இல்லை.

ஒருநாள் ஷரபுதீன்தான் சொன்னான், “பெருசானதும் அந்தக் காலண்டர் பங்களாவுக்கு ரெண்டு பேரும் போவோம்டா. யாரும் கேட்ல நிக்க வேணாம்.” எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லி மறந்துபோயிருக்கிறார்கள். இந்த ஒரு பேச்சை மட்டும் உடையப்பன் மறக்கவே இல்லை. காட்டு மரம் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் லாரியை உருட்டிய காலத்தில்கூட, வளைவு திரும்பும்போது எதிரே அந்த வெள்ளைக் கட்டடம் நிற்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு வரும்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் நாசி கண்டார் கடையின் பின்மேசையில் திட்டம் போட உட்காருவார்கள். ஷரபுதீனின் மகள் இர்ஃபானா கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவாள்.

“இதோ, ஒங்க பங்களா. லாசாவுல இருக்கு. பொத்தாலா அரண்மனை. துரையெல்லாம் யாரும் இல்ல மாமா, லாமாக்கள் இருந்த எடம். இப்ப டிக்கெட் எடுத்துட்டு உள்ள போய்ப் பாக்கலாம்.”

“டிக்கெட் எடுத்தா யாரா இருந்தாலும் விடுவாங்களா?” என்று கேட்டார் உடையப்பன்.

“யாரா இருந்தாலும் விடுவாங்க மாமா.”

உடையப்பன் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஷரபுதீனின் கவலை வேறு. அங்கே ஹலால் சாப்பாடு கிடைக்குமா, நெத்திலிச் சம்பலை எத்தனை போத்தலில் அடைக்கலாம், மலைக்கு மேலே இருக்கும் அந்த நீல ஏரிக்கரையில் சோறு கட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிட விடுவார்களா என்று அவர் சம்பலிலேயே நின்றார்.

திபெத்துக்குச் சுற்றுலாக் குழுவை அழைத்துப்போகும் சுகுமாரன் ஒருநாள் போனில் வந்தான். குளிர்கிடங்குப் பயிற்சியை ஷரபுதீன் பெருமையாகச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

“ஐயோ அண்ணே, நீங்க போற மாசம் அங்க நல்லா வெயில் அடிக்கும். குளிர் ஒரு விஷயமே இல்ல. காத்துதான் கம்மி. நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். அரண்மனைக்குப் படி ஏறித்தான் போகணும். எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிருங்க.”

கோழிகளோடு நின்றதெல்லாம் வீண் என்று உடையப்பன் ஒரு கேலி சொல்ல வாயெடுத்தார். ஷரபுதீனின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

சுங்கை சிப்புட் கிளினிக்கில் உடையப்பனைத் தட்டிப் பார்த்து, இந்த வயதில் இப்படி நெஞ்சா என்று டாக்டர் மெச்சிக்கொண்டார். உடையப்பன் சந்தோஷத்தில் வாசலிலிருந்தே ஷரபுதீனுக்குப் போன் போட்டார்.

“ஒனக்கு என்னடா சொன்னாங்க?”

“பாக்கலாம்னாங்க” என்றார் ஷரபுதீன். “ஞாயித்துக்கிழமை வாரேன். நம்ம பங்களாக் குன்னுல ஏறிப் பழகுவோம்.”

அன்றைக்குப் பேச்சில் ஸ்டென்ட் வரவே இல்லை. அதை நினைத்து உடையப்பன் கிளினிக் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷரபுதீனின் காரில் போனார்கள். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான். லயம் இருந்த இடத்தில் லாலான் புல். கடை இருந்த இடத்தில் ஒரு முருங்கை மரம் மட்டும் யாருக்காகவோ காய்த்துக்கொண்டிருந்தது. குன்றின் அடியில் கேட் போய்விட்டிருந்தாலும் தூண்கள் இரண்டும் பாசி பிடித்து நின்றன. ஷரபுதீன் காரை நிறுத்தி இறங்கி, ஒரு தூணடியில் போய் உட்கார்ந்தார்.

“நீ ஏறு.”

“நீ?”

“டாக்டர் வேணாம்னுட்டாருடா. அங்க போனா என்னையப் பொட்டியிலதான் கொண்டு வரணும்னுட்டாரு.”

உடையப்பனுக்கு எதிரே இருந்த செம்பனையெல்லாம் கலங்கித் தெரிந்தது. “சரி விடு. அப்ப நானும் போகல. சுகுமாரன்கிட்ட சொல்லிருவோம்” என்றார். அவர் சொன்னது நிஜம். சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பையன் தேம்ப ஆரம்பித்ததும் நிஜம். அந்தப் பையனை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஷரபுதீனுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன பேச்சு பேசுற? ஒன்ன இதே எடத்துல நிக்க வெச்சுட்டு நான் மட்டும் எத்தன தடவ மேல போனேன்? ஒரு நாளாச்சும் போகாதன்னு சொன்னியா? வந்து சொல்லு, வந்து சொல்லுன்னுதான கேட்ட? இப்ப என் முறைலா. நான் கேட்ல நிக்கிறேன், நீ போய்ட்டு வந்து சொல்லு. மொதல்ல இந்தப் பங்களாவப் பாத்துட்டு வா. போ.”

உடையப்பன் ஏறத் தொடங்கினார். எத்தனையோ வருஷம் அண்ணாந்து பார்த்த பாதை, கால் வைத்தால் சாதாரண மண் பாதைதான். உச்சியில் வீடு இல்லை. வெடித்த சிமெண்டுத் தரை, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி, எங்கும் போய்ச் சேராத நாலைந்து படிகள். பியானோ எங்கே இருந்திருக்கும், புலித்தோல் எங்கே கிடந்திருக்கும் என்று மனப்பாடத்தை வைத்துத் தரையில் தேடினார். நாய் உட்கார்ந்த நாற்காலிக்குக்கூட ஓர் இடம் கண்டுபிடித்தார்.

பிறகு திரும்பிக் கீழே பார்த்தார்.

தோட்டம் முழுக்க அங்கிருந்து தெரிந்தது. ஆனாலும் முதலில் கண்ணில் பட்டது கேட்தான். பாசித் தூணடியில் வெள்ளைத் தொப்பியோடு ஷரபுதீன் சின்னஞ்சிறு உருவமாக உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். உடையப்பனால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஷரபு ஒவ்வொரு தடவையும் எதற்காக மூச்சிரைக்க ஓடி வந்தான் என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முழங்கால் வலியைப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாக இறங்கினார்.

கீழே ஷரபுதீன் கார் டிக்கியிலிருந்து நீல ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

“பிடி. ஒன் கோட்டுல ஜிப் போகாது. கத சொல்ல வர்றவனுக்கு நெஞ்சுல குளிர் படக்கூடாது.” ஜாக்கெட்டை நீட்டினார். “சரி, சொல்லு. மேல என்ன இருக்கு?”

கொளுத்தும் பேராக் வெயிலில் உடையப்பன் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அங்க நின்னு பாத்தா, இந்த கேட்தான்டா மொதல்ல கண்ணுல படுது” என்றார்.

“தெரியும்” என்றார் ஷரபுதீன்.