கண் கூசாத வெளிச்சம்

பள்ளிக்கூட வயதில் வந்த காய்ச்சலோடு தையல்காரிக்குக் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துவிடுவாள். கடையில் ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு, துணி கொடுக்க வருகிறவர்களோடு பகல் முழுக்க வாயாடுவாள்.

கணவனும் மாமியாருமாகப் புது வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் சிக்கல். பொழுது சாய்ந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தால் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

“கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறா. நம்மகிட்ட மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறா” என்று மாமியார் மகனிடம் புலம்புவார். நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வரும் அவன், வாயைத் திறந்தால் வம்பு என்று தட்டிலேயே கண்ணாக இருப்பான்.

மேசைக்கு மேலே மூடியில்லாத பல்பு ஒன்று பளீரென்று தொங்கியது. நிமிர்ந்தால் தையல்காரியின் கண்ணில் ஊசி குத்தும். எதிரே இருப்பவர்களின் மூக்கு நிழல் வாயில் விழுந்து கிடக்கும். தைத்துத் தைத்துத் தன் கண்தான் கெட்டுவிட்டது என்று பயந்து, அவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நாத்தனார் வந்திருந்தாள். “அம்மா, தலைவலி மண்டையைப் பிளக்குது. இந்தப் பல்பு வேற கண்ணப் பறிக்குது” என்று அதை அணைத்தாள். தையல்காரி வீட்டில் தைக்க வைத்திருந்த மேசைவிளக்கை எடுத்து அலமாரிமேல் வைத்து, வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டாள். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் எல்லார் முகத்திலும் மெத்தென்று படிந்தது.

மாமியார் வழக்கம்போல மகளிடம் ஆரம்பித்தார். “பாரு உங்க அண்ணிய. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு…”

“அத்தை! நான் எப்ப மூஞ்சியத் திருப்பினேன்?”

மாமியாரின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. தையல்காரியோ கோபப்படவே மறந்துபோனாள். “தெரியுது! எல்லார் வாயும் தெரியுது! என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல!” என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கணவன் மேசையின் கோடிக்குப் போய்ச் சத்தமில்லாமல் வாயசைத்தான்.

“குழம்புல உப்பு கம்மியா? அத உங்கம்மாகிட்ட சொல்லுங்க. இன்னிக்கு அவங்க சமையல்!”

நாத்தனாருக்குத் தலைவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஓடிப்போய்ப் பல்பைப் போட்டாள். தையல்காரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “போச்சு, போச்சு, அணை!” என்று கத்தினாள். அணைத்ததும் மறுபடி முகங்கள் வந்தன. போட்டு, அணைத்து, போட்டு, அணைத்து, நால்வரும் குழந்தைகளாகிவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “இத்தன நாளா உனக்கு எங்க மூஞ்சியே தெரியலையா? நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே.”

“நானும் வாயத் திறந்து சொல்லலையே, அத்தை.”

அந்த வாரமே பல்பைக் கழற்றினார்கள். சுவரை நோக்கி இரண்டு விளக்குகள், அவற்றுக்குப் பால்நிற மூடிகள். ஏணி பிடித்தது மாமியார்தான். அதன் பிறகு சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்குப் பேச்சு நடந்தது.

அப்படி ஒரு நாள் தையல்காரி மாமியாரையே உற்றுப் பார்த்தாள்.

“அத்தை, அது என்ன பாட்டு?”

“எது?”

“சாப்பிடும்போது சத்தமில்லாம பாடுறீங்களே.”

மகன் நம்பாமல் அம்மாவைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் காதில் ஒரு வரிகூட விழுந்ததில்லை. மாமியாரின் முகம் வெட்கத்தில் சிவந்தது.

“சும்மா பாடுங்க அத்தை” என்று நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள் மருமகள்.

மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினார்.