பதிலுக்கு விட்ட இடம்

தேவிப்ரியாவின் குரலைக் கேட்காமல் கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு நாளும் நடந்துவிட முடியாது. ஆடித் தள்ளுபடி, இலவச பல் மருத்துவ முகாம், காணாமல் போன பசுமாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாமே ஆட்டோவில் கட்டிய குழாயிலிருந்து அவள் குரலில்தான் வரும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கொளஞ்சியப்பன் வைத்திருந்த ஒலிப்பதிவு அறையில் பதினோரு வருடமாக அவள் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தாள்.

தியாகதுருகத்தில் வீடு. அம்மா இல்லை. கல்யாணம் ஒன்றரை வருடத்தில் முறிந்து திரும்பி வந்தவள் அப்பா அரங்கநாதனோடு இருந்தாள். பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

"சாப்டியாப்பா?"

"ஆமா."

"பொய் சொல்ற. தட்டு அப்பிடியே கீது."

"ஆமா."

ஒலிப்பதிவு அறையில் விளம்பரத்துக்குப் பின்னணி இசை சேர்க்கக் கற்றுக்கொண்டவள், பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கித் தனக்காகவும் இசை செய்ய ஆரம்பித்தாள். பாட வராது, பேசுவாள். அடியில் ஒரு மின்துடிப்பு, தேனீப் பெட்டிக்குள் காதை வைத்தது போல ஒரு ரீங்காரம், அதன்மேல் சாதாரணப் பேச்சு. இணையத்தில் போட்டால் முப்பது நாற்பது பேர் கேட்பார்கள். அவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

தை மாதத்தில் அப்பா இறந்தார். வெறும் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். பிறகு எப்போதோ கைபேசியில் பதிந்து வைத்திருந்த அவருடைய 'ஆமா'க்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். தினமும் கேட்ட கேள்விகளைத் தன் குரலில் பதிந்தாள். மாத்திரை போட்டியா, கால் வலிக்குதா, ஃபேனைக் குறைக்கட்டுமா. ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொன்னார். பதினோரு நிமிடம்.

இணையத்தில் போட்டதும் அது எங்கெங்கோ போனது. பெங்களூர், கொச்சி, சென்னை என்று அழைப்பு வந்தது. இரண்டு வருடத்தில் பதினான்கு மேடை. அவள் நேரில் கேட்பாள், அப்பா மடிக்கணினியிலிருந்து பதில் சொல்வார். முன்வரிசையில் அழுவார்கள். முடிந்ததும் கூட நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கூட்டமாகச் சாப்பிடப் போகும்போது அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

மூன்றாம் வருடம் சென்னையில் ஓர் அரங்கம். முதல் கேள்விக்கே பின்வரிசையில் யாரோ அப்பாவோடு சேர்ந்து "ஆமா" என்றார்கள். அடுத்ததற்கு இன்னும் பத்துப் பேர். பிறகு துடிப்புக்கு ஏற்பக் கை தட்டினார்கள்.

"கால் வலிக்குதாப்பா?"

"ஆமா!" என்று முந்நூறு பேர் சிரித்துக்கொண்டே கத்தினார்கள்.

அப்பாவின் குரல் அதற்குள் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் மடிக்கணினியை மூடினாள். அதுதான் முடிவு என்று நினைத்து அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் குரல் முழுவதையும் அந்தப் பதிவிலிருந்து நீக்கினாள். அவர் பதில் சொன்ன இடங்களில் தாளத்தில் எட்டுத் தட்டு நேரம் வெறும் துடிப்பு மட்டும் ஓடவிட்டாள். விழா நடத்துபவர்கள், "பழசையே பண்ணுங்க மேடம், கூட்டம் அதுக்குத்தான் வரும்" என்றார்கள். மாட்டேன் என்றாள். அழைப்புகள் குறைந்து நின்றே போயின.

"இன்னாம்மா, மெட்ராஸ் பக்கம் போறதே இல்ல?" என்றார் கொளஞ்சியப்பன்.

"கூப்புடலண்ணா."

அவர் அடுத்த விளம்பரத் தாளை நீட்டினார்.

அப்படி இருக்கையில்தான் வெள்ளிமலையிலிருந்து சுபஸ்ரீ என்ற பள்ளி ஆசிரியை அழைத்தார். வாசகர் வட்டத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் வந்து நிகழ்த்த முடியுமா என்று கேட்டார். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினாள். மலையில் நல்ல மழை. சமுதாயக் கூடத்தில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். கூடத்தைப் பெருக்கிப் பூட்டும் ரங்கம்மாள், நிகழ்ச்சி முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகலாம் என்று சாவிக்கொத்தோடு கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

தேவிப்ரியா ஆரம்பித்தாள். துடிப்பு மெல்ல எழுந்தது.

"சாப்டியா?"

"சாப்ட்டேம்மா. களி" என்றது கதவோரத்துக் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். சுபஸ்ரீ உதட்டில் விரல் வைத்து அடக்கப் பார்த்தார். வேண்டாம் என்று தேவிப்ரியா கையசைத்தாள்.

"மாத்திர போட்டியா?"

"எனக்கு இன்னாத்துக்கு மாத்திர?"

தேவிப்ரியா ஒலிவாங்கியிலேயே சிரித்துவிட்டாள். தன் சிரிப்பைக் கூடத்தின் ஒலிபெருக்கியில் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

"கால் வலிக்குதா?"

"அது வலிச்சிக்கினேதான் இருக்குது. மழன்னா ஜாஸ்தி."

அதற்குமேல் அவளால் எழுதி வைத்தபடி போக முடியவில்லை. அப்பாவிடம் ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"வூட்ல தனியா இருக்கிறது ஒருமாதிரியா இருக்குதா?"

ரங்கம்மாள் யோசித்தாள். எட்டுத் தட்டு போய், இன்னொரு எட்டும் போனது.

"பயம்லாம் இல்ல. பேசத்தான் ஆளு இல்ல. உனக்கு?"

இத்தனை மேடையில் யாரும் அவளைத் திருப்பிக் கேட்டதில்லை. துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

"எனக்கும் அப்பிடித்தாம்மா" என்றாள். ஆட்டோக் குழாயில் வரும் குரல் அல்ல அது. சிறியதாக, கரகரப்பாக வந்தது.

மகன் சேலத்தில் இருப்பதைப் பற்றி ரங்கம்மாள் சொன்னாள். அப்பா பொய்யாக ஆமா சொன்னதைப் பற்றி தேவிப்ரியா சொன்னாள். ஒன்பது பேரும் அசையாமல் கேட்டார்கள். பதினோரு நிமிடம் அரை மணி நேரம் ஆகிவிட்டது. கடைசியில் ரங்கம்மாள்தான் எழுந்தாள்.

"மணி நாலரை ஆவுது. பஸ்ஸு போயிடப் போவுது பாரு."

பஸ் மலையிறங்கி வடக்கனந்தலைத் தாண்டும்போதுதான் அன்று எதையும் பதிவு செய்யவில்லை என்பது உறைத்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்ல வாய் எடுத்தாள். அந்தப் பெண் காதில் இயர்போன் மாட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போதும் ஆறு பேர் கூடுகிற இடமென்றாலும் போகிறாள். நூலகம், கல்லூரி வகுப்பறை, ஒரு முறை திருநாவலூரில் ஒரு மாடி அறை. பெரும்பாலான இடங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. எட்டுத் தட்டு காத்திருக்கிறாள். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்கிறாள்.