காளவாசலில் நின்ற வண்டி

சிக்னலில் நின்றால் என் வண்டி அணைந்துவிடும். ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. கொஞ்சம் சும்மா இரு என்றால்தான் அதற்கு உயிர் போகும். பழைய நூறு சிசி வண்டி. கீழக்குயில்குடியிலிருந்து பரவை மார்க்கெட்டுக்கு என் மனைவி பவதாரிணியைக் கொண்டுபோய் விட அதை விட்டால் வேறு கதியில்லை. அங்கே ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

மெக்கானிக் கண்ணுச்சாமி அண்ணன், "வண்டிய விட்டுட்டுப் போ மாப்ள, என்னன்னு பாப்போம்" என்றார்.

விட்டால் கூலி கொடுக்க வேண்டும். நான் திருப்பரங்குன்றத்தில் ஒரு லேமினேஷன் கடையில் சம்பளத்துக்கு இருப்பவன். மாதக் கடைசி வேறு. அதோடு, போனில் கார்புரேட்டர் வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து, அதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற அளவுக்கு ஆகியிருந்தேன்.

"பாக்கவே வேணாம்ணே. கார்புரேட்டர் போச்சு" என்று அவருக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி, நான் கழற்றிக் கொண்டுபோன கார்புரேட்டரை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "எடைக்குத்தான் போகும்ணே." அதை வாங்கிக்கொண்டு, அதே மாடலில் வேறொன்றைக் கொடுத்தான். "இது சிங்கம்." மேல்பணம் கொடுத்துச் சிங்கத்தை மஞ்சள்பையில் தூக்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து மாட்டினேன். எல்லாம் மாட்டிய பிறகு ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரன் தேவையில்லாமல் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று முடிவு செய்தேன். முதல் உதையிலேயே வண்டி கிளம்பியதும் பவதாரிணியைக் கூப்பிட்டேன்.

"கேக்குதா?"

"நல்லா கத்துதே."

"அது கத்தல் இல்ல, பவர்."

மறுநாளிலிருந்து தெரிந்தது பவர். வண்டி நிற்கும்போது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றினால் வண்டி ஊரைக் கூட்டியது. இறக்கினால் பழையபடி அணைந்தது. சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் குத்திக்கொண்டே அலைந்தேன். சிவப்பு விழுந்தால் குனிந்து திருகுவேன், பச்சை விழுந்தும் திருகிக்கொண்டிருப்பேன். பின்னால் வருகிறவர்கள் என் குடும்பத்தைப் பற்றிச் சில கருத்துகள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் சொல்லும் அந்தக் குடும்பம் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கும்.

காளவாசல் சிக்னலில் ஒரு காலையில் வண்டி அறவே நின்றது. ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், மூச்சு வாங்க உதைத்துக் கிளப்பி, மண்டியிட்டு ஸ்க்ரூவைத் திருகினேன். எஞ்சின் அலறியது.

"முதலாளி நேத்தே கேட்டாரு, வேலைக்கு வாரியா இல்ல சுத்திப்பாக்க வாரியான்னு" என்றாள் பவதாரிணி. கோபத்தில்கூட என் கையைப் பார்த்துப் பொறுக்கவில்லை அவளுக்கு. "பெட்ரோல் நாத்தம். கையக் கழுவுங்க" என்று பாட்டிலைச் சரித்தாள்.

கையில் விழுந்த தண்ணீர் தெறித்து, கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் மேல் பட்டது. அலறிய எஞ்சின் சட்டென்று குரலைத் தாழ்த்தியது. இரண்டு மூச்சு நேரம்தான், மறுபடி அலறல்.

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள்.

"நான் ஒண்ணும் செய்யலையே."

"கொஞ்சம் தள்ளுங்க." ரப்பர் மேல் மட்டும் ஊற்றினாள். சத்தம் இறங்கியது. நிறுத்தினாள். ஏறியது. "இதுக்குள்ள என்னமோ ஓட்டை இருக்குங்க. தண்ணி அடைக்குது."

குனிந்து பார்த்தேன். ரப்பரின் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே புகுந்து எஞ்சினை அலைக்கழித்திருக்கிறது. அத்தனை வீடியோவிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தை நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருப்பேன்.

புது ரப்பர் ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை. மாட்டியதும் வண்டி அடங்கியது. ஆனால் சிங்கம் அடியில் பெட்ரோலைச் சொட்டு சொட்டாக ஒழுகவிட்டது. அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது: என் பழைய கார்புரேட்டருக்கு எந்த நோயும் இருந்ததில்லை.

அழகுபாண்டி கடைக்கு இருவரும் போனோம். எடைக்குப் போக வேண்டியது பளபளவென்று துடைத்து முன்வரிசையில் இருந்தது.

"நல்ல கண்ணுண்ணே உங்களுக்கு" என்றான். "ஒரே ஆளு ஓட்டுன ஒத்தக் கை வண்டியில இருந்து வந்தது. இந்த மாதிரி கண்டிஷன் மதுரையிலயே கெடைக்காது."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதுதான் கேவலம். நான் விலை கேட்க வாயெடுப்பதற்குள் பவதாரிணி முந்திக்கொண்டாள்.

"அந்த ஒத்தக் கை இவருதாண்ணே. ஒங்க சிங்கம் ஒழுகுது. நீங்க அத எடுத்துக்கங்க, நாங்க இத எடுத்துட்டுப் போறோம்."

அழகுபாண்டி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். யாரிடம் பேரம் எடுபடாது என்று தெரிந்து எடுத்துக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் நான் திருக, அவள் காது கொடுத்து "இன்னுங் கொஞ்சம்... போதும்" என்று சொல்லச் சொல்ல டியூனிங் முடிந்தது. முடிந்த கையோடு, "கியரு எப்படிப் போடணும்?" என்றாள். சமணர் மலை அடிவாரத்துச் சாலையில் பழக்கினேன். லைசென்ஸும் எடுத்துவிட்டாள். இப்போது வண்டி அவளோடு பரவைக்குப் போகிறது. நான் டவுன் பஸ்ஸில் போகிறேன்.

அவள் தனியாகப் போன முதல் நாள், நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போனில் கூப்பிட்டாள். "வந்து சேந்துட்டேங்க. எங்கயும் நிக்கல."

"பின்ன? நான் வச்ச டியூனிங்ல?" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

போனை அவள் அதற்கு முன்பே வைத்துவிட்டிருந்தாள்.