கருத்தையா ரீல் வாங்கியது

கருத்தையா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் மெஷின் மெக்கானிக். தூண்டிலுக்கு நரம்பு சுற்றும் ரீல் ஒன்று வாங்குவதென்று சித்திரையில் முடிவெடுத்தார். எந்த ரீல் என்று யோசிப்பதற்குள் ஆவணி பிறந்துவிட்டது. இடையில் செல்போனில் அவர் பார்த்த வீடியோக்களுக்குக் கணக்கில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் பல்சக்கரம், பேரிங், பிரேக் என்றே பேச்சு. மனைவி சுகுணா கடைசியில், "நானும் வாரேன், இன்னைக்கே வாங்கித் தொலைங்க" என்று தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

தூண்டில் கடைக்காரர் முத்துசெல்வம் இரண்டு ரீல்களை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம். கருத்தையா ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துச் சுற்றினார். கறுப்பு லேசாகக் கரகரத்தது. வெள்ளி சத்தமில்லாமல் ஓடியது, ஆனால் கனம் கூடுதல்.

"கழத்திப் பாக்கலாமா?"

"வாங்கிட்டுக் கழத்துங்க அண்ணாச்சி. எங்கன பிடிக்கப் போறீய, கடல்லயா?"

"கோவில்பட்டியில."

"அங்கன தண்ணி கெடக்கா?"

"இப்ப இல்ல. ஐப்பசியில மழை பெஞ்சா கண்மாயில கெடக்கும்."

முத்துசெல்வம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சோதித்துப் பார்க்க இரண்டிலும் தூண்டில் நரம்பைச் சுற்றிக் கொடுத்தார்.

மீன் இழுத்தால் நரம்பு அறுந்துபோகாமல் கொஞ்சங்கொஞ்சமாக விட்டுக்கொடுப்பதுதான் ரீலின் பிரேக். அதைச் சோதிக்க மீன் வேண்டும். சுகுணா இருந்தாள். கருத்தையா நரம்பின் நுனியை அவளிடம் கொடுத்துத் தெருவில் நடக்கச் சொன்னார். கறுப்பு நாலடி போவதற்குள் வெடுக்கென்று பிடித்தது, நரம்பு அறுந்தது. அடுத்து வெள்ளி. சுகுணா தெருமுனைவரை போய்விட்டாள், தடங்கலே இல்லை. அப்போது ஒரு ஷேர் ஆட்டோ தரையில் தொய்ந்து கிடந்த நரம்பின்மேல் ஏறி, அதைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு போனது. சுகுணா கையை விட்டாள். கருத்தையா விடவில்லை. ரீல் சர்ரென்று இரைந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே அதைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடாகல" என்றார்.

நரம்பு முழுவதும் தீர்ந்து, அடிமுடிச்சும் பிய்த்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் சக்கரத்தில் நரம்புச் சுருளோடு ஆட்டோ திரும்பி வந்தது.

"யாருய்யா என் ஆட்டோவுக்குத் தூண்டில் போட்டது?"

"மன்னிச்சிருங்க தம்பி. இழுக்கும்போது வெட்டி வெட்டி இழுத்துச்சா, நிதானமா இருந்துச்சா?"

ஓட்டுநர் யோசித்தார். "ஒண்ணுமே தெரியல."

"அப்ப இதுக்கே பில் போடுங்க" என்றார் கருத்தையா முத்துசெல்வத்திடம்.

திரும்பும்போது எட்டயபுரம் தாண்டியதும் சுகுணா கேட்டாள். "நெசமாச் சொல்லுங்க. நமக்கு எதுக்கு இது?"

அவர் ஜன்னலுக்கு வெளியே உழுது போட்ட கரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆலையில மெஷின் ஓடுத ஓட்டத்துக்கு நான் ஓடுதேன். இது நான் சுத்துனாத்தான் சுத்தும்."

சுகுணா ரீல் பெட்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஊர் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கண்மாய் பாதிக்குப் பெருகியது. முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் வாரம் சுகுணா, "கொண்டாங்க" என்று தூண்டிலை வாங்கி வீசினாள். கால்மணி நேரத்தில் தூண்டில் வளைந்தது.

"என்னங்க, இழுக்கு!"

"மெதுவா சுத்து."

கை நீட்டப் போனவர் தன்னை அடக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை கரையேறித் துள்ளியது. சுகுணா அதையும் ரீலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் போடட்டா?"

கருத்தையா மண்புழு டப்பாவைத் திறந்து நீட்டினார்.