பயிர் இன்சூரன்சும் பூவனலிங்கத்தோட பவுசும்

பயிர் இன்சூரன்ஸுன்னா என்னன்னு எங்கிட்ட கேளுங்க, நான் சொல்லுதேன். வயித்தெரிச்சல் பட்டவ சொன்னாத்தான் வெளங்கும்.

பிரீமியம்னா, மழை பெய்யுமா பெய்யாதான்னு தெரியுததுக்கு முந்தியே நாம கட்டுத காசு. க்ளெய்ம்னா, வெள்ளாமை கருகின பொறவு நாம கேக்குத காசு. கட்டுததுக்குக் கெடு உண்டு, குடுக்கதுக்குக் கெடு கெடையாது. சொசைட்டி கிளார்க்கு எபநேசர் அண்ணாச்சி இன்னொன்னும் சொன்னாவ. “தாயி, உன் புஞ்சை மட்டும் காஞ்சா காசு வராது. சுத்துப்பட்டு ஊருக சேந்த பிர்க்கா மொத்தமும் காஞ்சிருக்கணும். அதிகாரிக வந்து நாலஞ்சு புஞ்சையில அறுத்து எடை போட்டுச் சராசரி பாப்பாவ. அது கொறஞ்சாத்தான் எல்லாருக்கும் நஷ்டஈடு.”

ரெண்டாயிரத்து ரெண்டாம் வருசம். ஐப்பசியில ஒரு மழை பேஞ்சதோட சரி. எங்க உளுந்து ஒரு சாண்கூட வளரல, கருகிட்டு. நஷ்டஈடு வரலைன்னா உழவுமாடு ரெண்டையும் சந்தைக்கு ஓட்டணும். அதுக இல்லாட்டி எங்களுக்கு ஏது வெவசாயம்?

எடை போட அதிகாரிக குறிச்சுட்டு வந்த புஞ்சையில எங்களதும் ஒண்ணு. அப்பாடான்னு இருந்துச்சு. நான் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போயிட்டேன். எங்க வீட்டுக்காரர் பூவனலிங்கம், தேச்ச வேட்டியைக் கட்டிக்கிட்டு அவியளக் கூட்டிட்டுப் போனாவ.

சாயங்காலம் வந்து, “அதிகாரிக பாத்தாவளா?”ன்னு கேட்டேன்.

“அசந்து போயிட்டாவல்லா!”

“கருகின உளுந்தைப் பாத்தா?”

“ஏட்டி, கோட்டி மாதிரி பேசாத. அதைப் போயி காட்டுவாவளா? வெளியூர்க்காரன் நம்மள என்ன நெனைப்பான்? பக்கத்துல நம்ம சுடலைக்கண்ணுவோட வெளஞ்சு நிக்குத கெணத்தடிப் புஞ்சையைக் காட்டி, இதுதாம் எங்களுதுன்னுட்டேன். ‘நீங்கதான்யா விவசாயி’ன்னு பெரிய அதிகாரியே கையப் புடிச்சுக் குலுக்கினாருட்டி!”

“அடப் பாவி மனுசா!”ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

மறுநாளே எபநேசர் அண்ணாச்சிகிட்ட ஓடுனேன். “கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரே தாயி, நான் என்ன செய்ய?”ன்னு கைய விரிச்சிட்டாவ. மத்த புஞ்சையில எடை கொறைச்சல்தானாம். எங்க பேர்ல போட்ட எடைதாம் சராசரியத் தூக்கிட்டு. சராசரின்னா ஒருத்தன் பவுசுக்கு ஊரே பட்டினி கெடக்கதுன்னு அன்னைக்குத்தாம் எனக்கு வெளங்குச்சு. பிர்க்காவுல ஒருத்தருக்கும் சல்லிக்காசு வரல.

மாசியில மாட்டைச் சந்தைக்கு ஓட்டுனோம். “என்ன அண்ணாச்சி, வெள்ளாமை பொய்ச்சிட்டோ?”ன்னு யாவாரி கேட்டான். ஆமாய்யான்னு சொல்லியிருந்தா எரக்கப்பட்டு நூறு எரநூறு கூடக் குடுத்திருப்பான்.

“சேச்சே, வெள்ளாமைக்கு என்ன கொறை? டிராக்டரு வாங்கப் போறோம், அதாம் மாட்டைத் தள்ளிவிடுதோம்”ன்னாவ இவிய.

டிராக்டரு வாங்குத ஆளு வெலை பேசலாமான்னு அவன் சிரிச்சுக்கிட்டே ஐநூறைக் கொறைச்சுட்டான்.

மாடு ரெண்டும் அவன் பின்னால போச்சு. அங்கனயே உக்காந்து அழுதேன். எங்க வீட்டுக்காரர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, எங்கிட்ட குனிஞ்சாவ.

“ஏட்டி, கண்ணைத் தொடச்சுக்க. நாலு பேரு பாக்காவல்லா.”