புங்க மரத்துக்குப் பதில் நின்றவர்

மழைக்காலத்துக்கு முன்னால் நகராட்சிக்காரர்கள் கிளை வெட்ட வந்தால், மாகாளி வீதி மரங்களெல்லாம் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? வெட்ட வருகிறவனைக் கண்டால் நீங்களும் நானும் நின்றுகொண்டா இருப்போம்?

குழி மட்டும் காலியாக இருக்கக் கூடாது. நகராட்சி கோபித்துக்கொள்ளும். ஆகவே வீட்டுக்கு ஒருவர் கையை விரித்துக் குழியில் நிற்பார். தலைமுடியையும் மீசையையும் ஒட்ட நறுக்கி, லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மாகாளி வீதியில் முடிதிருத்தும் கடையே கிடையாது.

மயிலாத்தாள் வீட்டில் நிற்பது அவள் புருஷன் திருமலைசாமி. இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யாத மனுஷன், மரமாக நிற்பதில் மட்டும் சூரர்.

இந்த வருஷமும் புங்க மரம் குனிந்து உள்ளே வந்து, சமையல்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்தது. அதற்கு மோர் கொடுத்துவிட்டு மயிலாத்தாள் வாசலுக்கு வந்தாள். நகராட்சி மேஸ்திரி பெரியநாயகம் அவள் புருஷனின் முழங்காலில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங், முடிதானுங்களே வெட்டுவீங்க?"

"இந்தத் தடவ வேரோட எடுக்கோணுமுங்க்கா. கரண்டுக் கம்பிய இடிக்குது."

"அவருக்குக் கம்பி எட்டாதுங்களே!"

"வளந்தா எட்டுமுங்."

அறுக்கிற மெஷினுக்கு எண்ணெய் ஊற்றினார்கள். திருமலைசாமி வாயே திறக்கவில்லை. மரம் பேசக் கூடாது என்பதில் அவர் கறார். கண் மட்டும் அவளைப் பார்த்தது.

மரத்தைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும், அவ்வளவு நல்ல மரம். ஆனால் பெற்ற பிள்ளைபோல் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை எந்த மனசோடு வெட்டக் கொடுப்பாள்?

மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஓடிவந்தாள். புருஷனின் நெற்றியிலும் வயிற்றிலும் அப்பினாள். குங்குமம் வைத்தாள். இடுப்பில் மஞ்சள் சேலையைச் சுற்றிக் கற்பூரம் காட்டினாள்.

மஞ்சள் துணி கட்டின மரத்தில் கைவைக்க எந்த நகராட்சிக்குத் தைரியம் உண்டு? மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். லாரி திரும்பிப் போனது.

"அப்பாடா! வாங்க உள்ள."

திருமலைசாமி காலைத் தூக்கிப் பார்த்தார். வரவில்லை.

"சாமிய எடத்த விட்டு நகத்தக் கூடாது மயிலா," என்றார் வருத்தத்தோடு. பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் எலுமிச்சம்பழத்தோடு வந்து அவரைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.

மயிலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மரமும் போகக் கூடாது, மனுஷனும் போகக் கூடாது என்று நினைத்தது தப்பா?

"உள்ள அது என்ன பண்ணுது?" என்று கேட்டார் திருமலைசாமி.

"உங்க கட்டில்ல படுத்துத் தூங்குதுங்."

"போத்திவிட்டியா?"

"போத்தியாச்சுங்."

"அப்பச் செரி."

மயிலாத்தாள் மூக்கைச் சிந்தினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"அந்தக் கையக் கொஞ்சம் மேல தூக்குங்க," என்று சொல்லிவிட்டு, அவளும் குழிக்குள் இறங்கினாள்.