சாவுக்கு வளர்த்த குதிரை

பனி விழும்வரை தாங்கினால் பெரிது என்று சொல்லி, இலையுதிர் காலத்தில் இசாபெக்கை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிழவர் அசரவில்லை. வந்ததும் குல்லாவைக்கூடக் கழற்றாமல் தொழுவத்துக்குப் போனார். செவலைப் பெட்டைக் குதிரையின் விலாவில் தட்டி, "என் சாவுக்கு இதை அறுங்க. மெலிஞ்சதை அறுத்து ஊர் வாயில விழாதீங்க" என்றார்.

மலைக்கிராமத்தில் கௌரவமான சாவு என்றால் குதிரைக் கறி வேண்டும். வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, கொஞ்சம் மூட்டை கட்டியும் எடுத்துப் போக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையைப் பத்து வருஷத்துக்கு மென்று துப்புவார்கள். அந்த வீட்டில் இருந்ததோ ஒரே குதிரை. மற்றபடி ஒரு பசு, கொஞ்சம் ஆடுகள், அவ்வளவுதான்.

பிள்ளை எர்மெக் கடைக்குட்டி. அதனால் ஊர் வழக்கப்படி வீடும் அவனுக்கு, அப்பாவும் அவனுக்கு. நாற்பதைத் தாண்டிய பிறகும் புல் அறுக்க, ஆட்டுக்கு மயிர் கத்தரிக்க, அடுப்புப் புகைபோக்கியைத் தட்ட, எல்லாவற்றுக்கும் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிற்பான். தும்மல் வந்தால்கூட மாமாவைக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார் என்று அவன் மனைவி புருல்சா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். பாவம், கெட்டவன் இல்லை. சொந்தமாக ஒரு முடிவெடுத்துப் பழகாதவன், அவ்வளவுதான்.

குதிரைக்குப் பார்லி வைத்தார்கள். அது கொழுத்தது. வேடிக்கை என்னவென்றால் கிழவரும் கூடவே கொழுத்தார். பனி விழுந்தது, ஆறு உறைந்தது, மனிதர் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து, கிண்ணம் கிண்ணமாக நூடுல்ஸ் சூப்பைக் குடித்துவிட்டு உப்பு பத்தவில்லை என்று மருமகளைக் குறை சொன்னார். வழியனுப்ப வந்தவர்களுக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "போறேன் போறேன்னீங்க, நல்லா சப்பணம் போட்டு உக்காந்துட்டீங்களே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இசாபெக் அடக்கமாட்டாமல் சிரித்தார். அவருக்குச் சாக இஷ்டமில்லை. கோடையில் ஆடுகளோடு மலைமேல் புல்வெளிக்கு இன்னொரு தடவை போக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. பேத்தி ஜிபெக்கையும் குதிரைமேல் தனக்கு முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

ஒரு நாள் காலை, ஆற்றின் மேல்துறை அடிவரை உறைந்துவிட்டது, குதிரைக்கு எங்கே தண்ணீர் காட்டுவது என்று எர்மெக் கேட்டான். கீழ்த்துறைக்கு ஓட்டிப் போகச் சொன்னார் கிழவர். கீழ்த்துறையின் சரிவெல்லாம் பளிங்குபோல வழுவழுத்துக் கிடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டை விட்டு வெளியே போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. குதிரை வழுக்கி, முன்னங்கால் முறிந்து விழுந்தது. எர்மெக் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"கால் போச்சுப்பா. என்ன பண்றது?"

"உயிர் இருக்கும்போதே அறுடா, ஓடு."

சாயங்காலம் கறியெல்லாம் சாமான் அறைக்கு வந்து சேர்ந்தது. கையைக் கழுவிவிட்டு வந்த எர்மெக், இதை என்ன செய்வது என்று கேட்டான். சாப்பிடலாம் என்று அவனே சொல்லியிருக்கலாம். கிழவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. "எதுக்கு வச்சதோ அதுக்குத்தான். தொங்கவிடு" என்றார். அதெல்லாம் வேண்டாம்பா என்று பிள்ளை மறுப்பான் என நினைத்துக் காத்திருந்தார். பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய்த் தொங்கவிட்டான்.

குளிர் கடுமையாக இருந்தவரை பிரச்சினை இல்லை. கறி கல்லாக உறைந்து தொங்கியது. வீட்டில் உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான். கறி கேட்டு அழுத ஜிபெக்குக்கு முதுகில் ஒன்று விழுந்தது. ஏன் என்று குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமா அது?

அந்த வருஷம் தெற்குக் காற்று சீக்கிரமே வந்து தொலைத்தது. கூரைப் பனி உருகிச் சொட்டத் தொடங்கியது. புருல்சா காலையில் முதல் வேலையாகச் சாமான் அறைக்குப் போய்க் கறியை முகர்ந்து பார்ப்பாள். பிறகு மாமனாருக்குப் பால் டீ கொண்டு வருவாள். கொடுக்கும்போது அவர் முகத்தை ஒரு கணம் பார்ப்பாள். அவள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கண் தானாகப் போய்விடும். அது அவளுக்கே தெரிந்து, உடனே தலையைக் குனிந்துகொள்வாள். அந்தப் பார்வைக்குப் பின் டீயை அப்படியே தள்ளி வைத்துவிடுவார் இசாபெக். நன்றாக இருப்பதைக் காட்டிக்கொள்ளவே அவருக்கு வெட்கமாகிவிட்டது. முற்றம்வரை நடக்கலாம் என்று காலில் தெம்பு வந்த நாளில், எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். இருமல் வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே இருமினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை எர்மெக் வந்து கால்மாட்டில் உட்கார்ந்தான். குல்லாவைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"கறி லேசா வாடை எடுக்குதுப்பா. உப்பும் தடவிப் பாத்துட்டேன்." குல்லாவின் விளிம்பைத் திருகினான். "என்ன செய்யலாம், சொல்லுங்க."

வேகவைத்து எல்லாரும் சாப்பிடுங்கள், நான் போனால் ஒரு ஆட்டை அறுத்து என்னைப் புதையுங்கள், ஊர் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும். இதுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அப்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். புல் அறுக்க நாள் கேட்கும்போது இருக்கும் அதே முகம். அவரையறியாமல் பழைய குரலே வந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு."

எர்மெக்கின் முகம் தெளிந்தது. கறி அதுவரை தாங்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். கதவு சாத்திய பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது கிழவருக்கு உறைத்தது.

சுவருக்கு அப்பால் மருமகளின் குரல் கேட்டது. "வெள்ளிக்கிழமைன்னா, அன்னைக்கு என்ன?"

எர்மெக் அடுப்பில் விறகைத் திணிக்கும் சத்தம் வந்தது.

"அவர் என்ன சொல்லியிருக்கார்னு புரிஞ்சுதா உங்களுக்கு?"

"அப்பா சொன்னா ஏதாச்சும் இருக்கும்" என்றான் எர்மெக். குரல் உள்ளே போயிருந்தது. அவனுக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்த பிறகும் போய் வேண்டாம்பா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வாய் அவனுக்கு முளைக்கவே இல்லை.

அன்று இரவிலிருந்து இசாபெக் சாப்பாட்டைத் தொடவில்லை. தற்கொலை பாவம், அது அவருக்குத் தெரியும். பசியில்லை என்று சொல்வது பாவக் கணக்கில் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வியாழக்கிழமை புருல்சா ஆவி பறக்கும் சூப் கிண்ணத்தோடு வந்து மண்டியிட்டாள். குதிரைக் கறியில் ஒரு துண்டை வெட்டி வேகவைத்திருந்தாள்.

"குடிங்க மாமா. அவர் திட்டினா திட்டட்டும். எனக்கு நீங்க வேணும்."

"எடுத்துட்டுப் போம்மா" என்றார் கிழவர். "வர்றவங்களுக்குப் பங்கு குறையும்."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். அவரால் அந்த வாசனையைத் தாங்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது உயிரோடுதான் இருந்தார். நல்ல பசியோடும் இருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டுத் தவறியவன்போலக் கூசியது. எங்கேயாவது வலிக்கிறதா என்று மெதுவாக மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வலிக்கவில்லை.

முற்றத்தில் மரம் உரசும் சத்தம். தலையைத் தூக்கி ஜன்னல் வழியே பார்த்தார். எர்மெக் கொட்டகையிலிருந்து, கோடையில் மலைமேல் தங்கும் கூடாரத்தின் மடிப்புச் சட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தான். அந்த ஊரில் பனிக்காலத்தில் முற்றத்தில் கூடாரம் எழுந்தால், உள்ளே பிணம் கிடத்தப் போகிறார்கள் என்று அர்த்தம். புருல்சா ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள். கூடாரத்தின் கம்பளத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது, வெயிலில் காயட்டும் என்றுதான் எடுத்தேன் என்றான் அவன். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அழுதுகொண்டே ஒரு சட்டத்தை விரித்து நிறுத்தினான், கூரைத் தண்ணீர் ஓடிவந்து தேங்கும் பள்ளத்தில்.

கிழவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்க முடியாமல் கையூன்றி எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"அங்க தண்ணி நிக்கும்டா. மேட்டுல போடு."

புருல்சா முகத்தைப் பொத்திக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எர்மெக் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டத்தைத் தூக்கி மேட்டுப் பக்கம் நகர்த்தினான்.